என் தம்பியே சாப்பிடுறான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை ஒத்துக்கிறதுல எனக்கு வெட்கம் கிடையாது. இருபத்திரெண்டு வருசமா பாசார்ல காய்கறிக் கடை போட்டு நிக்கிறவளுக்கு வாய் இல்லன்னா கத்திரிக்காய் கூடையிலேயே கிடந்து வாடிப் போயிரும். லோகேஸ்வரின்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கேமரன் மலைக் காய் விக்கிற லோகா அக்கான்னு கேட்டா மீன்காரன் கையில இருக்கிற கத்தியாலேயே வழி காட்டுவான். அந்த வாய்தான் இப்ப என் தம்பியை ஆஸ்பத்திரிக் கட்டில்ல கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்கு. யாரும் அப்படிச் சொல்லல. நான்தான் சொல்றேன்.

பாசார்ல ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானையும் சொந்தக்காரங்க பேரைச் சொல்லித்தான் விப்போம். மீன்காரன், 'இதே மீனைத்தான் என் பொண்டாட்டிக்கு எடுத்து வச்சிருக்கேன்'ம்பான். பக்கத்துக் கடை அலாவுதீன் பாய் தேங்காயைத் துருவிக்கிட்டே, 'எங்க வீட்டுல இந்தக் காய்தான்'னு சொல்வார். அவர் வீட்டுல பாக்கெட் தேங்காய்ப் பால்தான் வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியும். இதையெல்லாம் யாரும் பொய்யின்னு நினைக்கிறதில்ல. கொசுறா ரெண்டு பச்சை மிளகாய் போடுற மாதிரி இதுவும் ஒண்ணு. வாங்குறவங்களுக்கும் அது தெரியும்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கேமரன் லோரிக்காரன் கோஸ், தக்காளியோட ஒரு பெட்டியைச் சேர்த்து இறக்கிட்டு, வித்துப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனான். திறந்து பார்த்தா மண்ணு ஒட்டின கிழங்கு. வெளியில பார்த்தா சீனிக்கிழங்கு, உள்ளே வெட்டினா செங்குவாங் கிழங்கு மாதிரி தண்ணியா, கடிச்சா பேரிக்காய் ருசி. யாக்கோன்னு பேராம். கூடவே ஒரு தாள் வச்சிருந்தான், பாதி மலாய், பாதி சீனம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மலாயைப் படிச்சேன். தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைன்னு ஒண்ணு இருக்காம், அங்கே ரொம்பக் காலமா சனங்க தாகத்துக்கு இதைப் பச்சையாவே கடிச்சுச் சாப்பிடுவாங்களாம். இனிப்பு இருக்கும், ஆனா அந்த இனிப்பை உடம்பு எடுத்துக்காது, அப்படியே குடலுக்குப் போயி அங்க இருக்கிற நல்ல கிருமிக்குத் தீனியாயிரும். வயிறு லேசாகும், மலச்சிக்கல் போகும், இனிப்பு நீர், அதான் சுகர், உள்ளவங்களுக்கு ஏத்ததுன்னு போட்டிருந்தான்.

முதல் வாரம் ஒரு சனம் சீந்தல. இந்த அழுக்குச் சீனிக்கிழங்கை யாரு வாங்குவான்னு கேட்டுட்டுப் போனாங்க. வெட்டி வச்சுக் காட்டினா அரை மணி நேரத்துல கறுத்துப் போச்சு. அப்புறம் எலுமிச்சங்காய் பிழிஞ்சு வைக்கக் கத்துக்கிட்டேன். ரெண்டாவது வாரம் ஒரு அம்மா கிழங்கைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்துட்டு, நெசமாவே சுகருக்கு நல்லதான்னு கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல. வாய் அது பாட்டுக்குச் சொல்லிருச்சு.

"என் தம்பியே சாப்பிடுறான்க்கா. பதினாலு இருந்துச்சு, இப்ப ஏழு."

பதினாலு நெசம். என் தம்பி சிவநேசனுக்குக் கிளினிக்ல ரத்தச் சுகர் அவ்வளவுன்னு சொல்லியிருந்தாங்க, ஏழுக்குள்ள இருக்கணுமாம். ஏழு என் கையிலேர்ந்து போட்டது. அவன் அந்தக் கிழங்கைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. அந்தம்மா ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனாங்க. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டி காலி.

நேசனைப் பத்திச் சொல்லணும். எனக்கு அவன் ஏழு வயசு இளையவன். எங்கம்மா போனப்ப அவன் மூணாம் வகுப்பு. தலை சீவி விட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, பொண்ணு பார்த்துக் கட்டி வச்சது எல்லாம் நான்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில சாமான் தூக்குற போர்க்லிப்ட் ஓட்டுறான். சாது. சிரிச்ச முகம். ஆனா எங்கப்பா செத்ததுலேர்ந்து அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். அப்பாவுக்கும் சுகர்தான். மாத்திரையில அடங்காம கடைசியில இன்சுலின் ஊசி போட்டாங்க, போட்ட மூணாம் மாசம் போயிட்டார். ஊசி போடுற நேரத்துக்கே எல்லாம் கெட்டுப் போயிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னார். யாரு கேட்டா? சாவு வீட்டுல நான் மாரடிச்சு அழுதேன், ஊசியைப் போட்டே எங்கப்பாவைக் கொன்னுட்டாங்களேன்னு. நேசன் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்.

அவனுக்கும் இன்சுலின் ஆரம்பிக்கணும்னு கிளினிக்ல ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. அடுத்த தடவை பார்க்கலாம் டாக்டர், சாப்பாட்டைக் குறைச்சுக்கிறேன்னு தட்டிக் கழிச்சுக்கிட்டே வந்தான்.

என் கடைக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை வர்ற புஷ்பராணி அக்கா, நேசன் வேலை செய்ற அதே கம்பெனியில ஸ்டோர் கிராணி, கணக்கு எழுதுறவங்க. எனக்கு அது ஞாபகத்துலேயே இல்ல. அவங்ககிட்டேயும் என் பாட்டைப் பாடி ஒரு கிலோ தள்ளி விட்டேன். அவங்க திங்கக்கிழமை கேன்டீன்ல நேசனைப் பார்த்து, சரியாயிருச்சாமேன்னு கையைப் பிடிச்சுச் சந்தோசப்பட்டிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு நேரா கடைக்கு வந்து நின்னான்.

"அக்கா, எனக்குச் சுகர் இறங்கிடுச்சாம்லா. சொல்லவே இல்ல?"

கோவமா இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். எனக்கு மூஞ்சியைக் கொண்டுபோய் எங்க வைக்கிறதுன்னு தெரியல. டேய், அது வியாபாரப் பேச்சுடான்னு அங்கேயே சொல்லியிருக்கலாம். கடை முன்னாடி நாலு பேர் நின்னாங்க. அதுல ரெண்டு பேர் கையில கிழங்கு. யாரு இது, தம்பியான்னு ஒரு சீனத்து ஆன்ட்டி வேற கேட்டுட்டு அவனையே உத்துப் பார்த்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? மூணு கிலோ எடுத்துப் பையில போட்டு அவன் கையில கொடுத்து, தீர்ந்திருச்சா, இந்தா, தினம் விடாமச் சாப்பிடுன்னேன். அவன் என்னை ஒரு நிமிசம் பார்த்தான். அப்புறம் பையை வாங்கி வண்டியில மாட்டிக்கிட்டான்.

அவ்வளவுதான் நான் செஞ்சது. நாலு பேர் முன்னாடி மானம் போயிரக்கூடாதேன்னு.

அவன் நெசமாவே சாப்பிட ஆரம்பிச்சான். ராத்திரிச் சோத்தை விட்டுட்டான். தோலைச் சீவித் துண்டு போட்டு ஒரு தட்டு நிறைய யாக்கோன், அதோட படுக்கை. முதல் ரெண்டு வாரம் வயிறு கடகடன்னு ஓடி, போர்க்லிப்ட்டை நடுவழியில விட்டுட்டுக் கக்கூசுக்கு ஓடினதை அவனே சொல்லிச் சிரிச்சான். ஒரு மாசம் கழிச்சுக் காலையில போன்ல ஒரு படம் வந்துச்சு. விரல்ல குத்திப் பார்க்கிற மெசின். எட்டு புள்ளி ஒண்ணு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் சொன்ன பொய்யி அது பாட்டுக்கு நெசமாயிருச்சேன்னு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சேன்.

அதுக்கப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? அந்தப் படத்தை வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் காட்டினேன். ஒரு பெட்டி அஞ்சு பெட்டியாச்சு. நேசன் ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு வந்து என் கடை ஓரத்துல நிப்பான், நான் ஆளைக் காட்டி, இவன்தான் என் தம்பி, கேட்டுக்கங்கம்பேன். அவனும் பொறுமையா எல்லாம் சொல்வான், எந்த நேரம் சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும். பாய்கூட ஒரு நாள், ஏம்மா லோகா, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லும்மான்னார். உங்க தேங்காயைப் பார்த்துத் துருவுங்க பாய்ன்னு வாயை அடைச்சுட்டேன்.

அஞ்சு மாசம் போயிருக்கும். நேசன் பொண்டாட்டி சாந்தினி எனக்குப் போன் பண்ணா. அவ சத்தமாப் பேசுற பொண்ணு இல்ல. அலமாரியை ஒதுங்க வைக்கும்போது கிளினிக் மருந்துப் பை கிடைச்சுதாம். பிரிக்காம, அப்படியே. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, எல்லாம். கிளினிக்குக்குப் போயி மருந்தை மட்டும் வாங்கிட்டு வந்து அலமாரியில போட்டிருக்கான், அதுக்கப்புறம் அங்க போறதையும் விட்டுட்டான். அது போதாதுன்னு ஆன்லைன்ல எவனோ யாக்கோன் இலையைக் காய வச்சு விக்கிறானாம், அதையும் வாங்கி மூணு வேளை சுடுதண்ணியில போட்டுக் குடிக்கிறான். அண்ணி, நீங்க சொன்னாத்தான் கேட்பாருன்னா.

அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் பாயான் பாருவுல அவன் பிளாட்டுக்குப் போனேன். வேலை முடிஞ்சு வந்து உக்காந்திருந்தான். கணுக்கால் ரெண்டும் வீங்கி, சாக்ஸ் போட்ட தடம் பள்ளமா இருந்துச்சு. நல்லவிதமாத்தான் ஆரம்பிச்சேன். மாத்திரையையும் போட்டுக்க, கிழங்கையும் சாப்பிட்டுக்கன்னேன். அவன் என்னைப் பார்த்து, மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது, ஊருக்கே தெரியுமேன்னான். உடம்பு அந்த இனிப்பை எடுத்துக்காதுக்கா, குடலுக்குப் போயிரும், நீதான சொன்னன்னான். நான் கடையில சொல்றதை ஒரு சொல் விடாம எனக்கே திருப்பிச் சொன்னான். என் வாயிலேர்ந்து வந்தப்ப இருந்ததைவிட அவன் வாயில அது ரொம்ப நல்லா இருந்துச்சு.

அது விக்கிறதுக்குச் சொல்றதுடான்னேன். அப்ப என் மெசின்ல வர்ற நம்பரும் விக்கிறதுக்கான்னு கேட்டான். ஊசின்னு வாயெடுத்தேன். அதுக்கு அவன் குரலை ஏத்தக்கூட இல்ல.

"அப்பாவை ஊசி கொன்னுச்சுன்னு அழுதது யாருக்கா?"

எனக்கு ஆத்திரம் வந்தா கை சும்மா இருக்காது. அடுப்படிக்குப் போயி அந்த இலைத்தண்ணியை எடுத்து சிங்க்ல ஊத்தினேன். டப்பாவையும் கவுத்தேன். நேசன் எழுந்து வந்து பார்த்தான். மேல் தட்டுலேர்ந்து இன்னொரு டப்பாவை எடுத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சான். சாந்தினி வாசல்ல நின்னு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருந்தா.

மறுநாளே லோரிக்காரன்கிட்ட யாக்கோன் வேண்டாம்னுட்டேன். என்ன ஆச்சு? நேசன் சூப்பர் மார்க்கெட்ல வாங்கினான். கடைக்கு வர்றவங்க கேட்டாங்க, ஏன் இல்லன்னு. நான் நெசத்தைச் சொன்னேன். அது மருந்து இல்லக்கா, வெறும் கிழங்கு, மாத்திரையை விட்டுறாதீங்கன்னேன். ஒருத்தரும் நம்பல. சரக்கு கிடைக்கலன்னு இப்படிச் சொல்றாங்கன்னு ஒருத்தர். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு இன்னொருத்தர். தம்பிக்கு நல்லானா போதும், மத்தவங்க எப்படிப் போனா உங்களுக்கு என்னன்னு ஒரு அம்மா முகத்துக்கு நேராவே கேட்டுட்டுப் போச்சு. பொய்யைச் சொன்னப்ப ஒரே வாக்கியத்துல நம்பினாங்க. நெசத்தைச் சொல்லச் சொல்லத் தொண்டை வத்தினதுதான் மிச்சம்.

வாரா வாரம் நேசன் வீட்டுக்குப் போனேன். கெஞ்சினேன், திட்டினேன், சாமி மேல சத்தியம் கேட்டேன். கிளினிக்குக்கு வாடா, ரத்தம் மட்டும் எடுத்துப் பார்ப்போம்னேன். அடுத்த வாரம்ம்பான். உடம்பெல்லாம் அரிக்குதுன்னு சொறிஞ்சுக்கிட்டே இருந்தான். சோறு இறங்கல, குமட்டல். ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குச்சு. அதுக்கெல்லாம் கிழங்கு உடம்பைச் சுத்தம் பண்ணுது, அழுக்கு வெளியாகுதுன்னு ஒரு காரணம் வச்சிருந்தான். அந்தக் காரணம் நான் சொன்னது இல்ல, அவன் போன்ல படிச்சது. ஆனா அதை நம்புறதுக்கு அவனைப் பழக்கினது யாரு? ஊரையே பேசி மடக்குறவளுக்கு ஒரே ஒரு ஆளை நாலு தெரு தாண்டியிருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகத் துப்பில்ல. திரும்பி வரும்போது பஸ்ல உக்காந்து அழுவேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, தக்காளியைப் பொறுக்கிக்கிட்டிருந்தேன். கம்பெனியிலேர்ந்து புஷ்பராணி அக்காதான் கூப்பிட்டாங்க. நேசன் வண்டியிலேயே சாஞ்சுட்டான், ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சுன்னாங்க. நான் கடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன். பாய்தான் படுதாவை இறக்கி மூடினாராம்.

ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. பல வருசமாக் கொஞ்சங் கொஞ்சமா மங்கிக்கிட்டு இருந்திருக்கு, மாத்திரையும் இல்லாம பிரஷரும் ஏறி, இருந்த கொஞ்சமும் போயிருச்சாம். ரத்தத்துல பொட்டாசியம் ஏறி நெஞ்சே நின்னுருக்கும், தப்பிச்சது பெரிசுன்னார் டாக்டர். கழுத்துல குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. இனி வாரத்துக்கு மூணு நாள், இருக்கிறவரைக்கும் அப்படித்தான். சாந்தினி தலையை மட்டும் ஆட்டினா. அவளுக்கு ஆறுதல் சொல்லலாம்னு கிட்டே போனேன், அவ கையை உருவிக்கிட்டா. உருவ வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில சாப்பாட்டைப் பத்திச் சொல்லித் தர்றதுக்கு ஒரு மலாய்க்காரப் பொண்ணு இருக்கு, ஷாஹிரான்னு பேரு. அந்தப் பொண்ணுகிட்ட நான் லோரிக்காரன் கொடுத்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு போன தாள். எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். இதெல்லாம் பொய், இது விசம்னு அது சொல்லணும். அப்ப அந்த லோரிக்காரனைப் போயி ஒரு பிடி பிடிக்கலாம்.

ஷாஹிரா முழுசாப் படிச்சுட்டு, ஆன்ட்டி, இதுல பெரிய பொய் ஒண்ணும் இல்லையேன்னுச்சு. பெரும்பாலும் தண்ணிதானாம். அந்த இனிப்பு நெசமாவே ஜீரணம் ஆகாத ஜாதியாம், அதனால சுகரை அவ்வளவா ஏத்தாது, வயித்துக்கும் நல்லதுதானாம். கிட்னி நல்லா இருக்கிறவங்க, மாத்திரையும் போட்டுக்கிட்டுக் கொஞ்சமாச் சாப்பிட்டா ஒரு குறையும் இல்லையாம். கிட்னி கெட்டவங்களுக்குத்தான் வாழைப்பழம், இளநீர் மாதிரி இதுலேயும் இருக்கிற பொட்டாசியம் ஆகாது, அதுலேயும் நாளுக்கு ஒரு கிலோ தின்னா என்ன ஆகும்னு என்னையே கேட்டுச்சு. இலைத்தண்ணியை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்னுச்சு. எலிக்குக் கொடுத்துப் பார்த்ததுல ரொம்ப நாள் குடிச்சா கிட்னிக்குக் கெடுதல்னு தெரிஞ்சிருக்காம், ஆனா உங்க தம்பிக்கு அதுதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னுச்சு. அவன் மெசின் நம்பரைப் பத்திக் கேட்டேன். ராத்திரிச் சோறு இல்லாம, விடிகாலை வெறும் வயித்துல குத்தினா நல்லாத்தான் காட்டுமாம். கிழங்கு பார்த்துக்கும்னு பகல்ல தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கும் சீனி போட்ட தே தாரேக் டீயும் ஏத்தினது மூணு மாசச் சுகர் பார்க்கிற ரத்தப் பரிசோதனையில அப்படியே இருந்துச்சாம். கடைசியா அந்தப் பொண்ணு, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாருன்னு கேட்டுச்சு.

யாரும் சொல்லலம்மான்னேன். அதுதான் நெசம். நான் ஒரு நாளும் நிறுத்துன்னு சொல்லல. நிறுத்தாதேன்னும் அந்த அஞ்சு மாசம் ஒரு வார்த்தை சொல்லல.

நேத்து மத்தியானம் பார்வை நேரத்துக்குப் போனேன். சாந்தினி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தா. நேசன் சாஞ்சு உக்காந்திருந்தான், கழுத்துல கட்டு, முகம் மஞ்சளடிச்சு, கைக்குத் தசையே இல்ல. ஒரு நாளைக்குக் குடிக்கிறதுக்குக் கொடுத்திருக்கிற தண்ணி ஒரு சின்னப் போத்தல்ல இருந்துச்சு, அதை எடுத்து உதட்டை நனைச்சுக்கிட்டு வச்சான். நான் கட்டில் ஓரத்துல உக்காந்தேன். இத்தனை நாளா நெஞ்சுல கிடந்ததைச் சொல்லிறணும்னுதான் போனேன்.

"நேசா, அன்னைக்குப் புஷ்பராணி அக்காகிட்ட நான் சொன்னது பொய்டா."

"தெரியும்க்கா," ன்னான். "நான் அதுக்கு முன்னாடி அந்தக் கிழங்கைப் பார்த்ததே இல்லையே."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஊருல எல்லாரும் நம்பிட்டாங்க, ஆனா அது பொய்யின்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். அப்புறம் ஏன்டா சாப்பிட்டன்னு கேட்டேன்.

அப்பா போனதுலேர்ந்து எல்லாரும் தன்னைப் பார்க்கிறதே, அடுத்தது இவன்தான்னு பார்க்கிற மாதிரிதான் இருக்கும்னான். கிளினிக்ல டாக்டர், கம்பெனியில கூட்டாளிங்க, வீட்டுல சாந்தினி, நான்கூட. அன்னைக்குக் கேன்டீன்ல புஷ்பராணி அக்கா கையைப் பிடிச்சு, சரியாயிருச்சாமே நேசன்னு சொன்னப்ப, ஆமாக்கான்னுட்டானாம்.

"அன்னைக்கு ஒரு நாள் பூரா நான் சரியாயிட்டவனா இருந்தேன்க்கா. நல்லா இருந்துச்சு. அப்படியே இருந்துறலாம்னு பார்த்தேன்."

நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. மூணாம் வகுப்புல அம்மா சவப்பொட்டிக்குப் பின்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்த பிள்ளை. அவனுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? கிட்னி கொடுக்கலாம்னு கேட்டுப் பார்த்தேன். எனக்கும் சுகர் ஆரம்பிச்சிருக்கு, ஆகாதுன்னுட்டாங்க.

"அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லேன்," ன்னான். "கடையில சொல்ற மாதிரி."

வேண்டாம்டான்னேன். அவன் கண்ணை மூடிக்கிட்டான். சொல்லுக்கான்னான். நூறு பேர்கிட்ட, ஆயிரம் தடவை, காசு வாங்கிப் பெட்டியில போட்டுக்கிட்டே சொன்னது. இப்ப நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டேன். கடையில நிக்கிற மாதிரியே நிமிர்ந்து உக்காந்தேன்.

"இவன் என் தம்பிதான். பதினாலு இருந்துச்சு, இப்ப ஏழு. ஒண்ணுமில்ல இப்ப. சரியாயிருச்சு."

அவன் கண்ணைத் திறக்காமலே சிரிச்சான். சின்ன வயசுச் சிரிப்பு. நான் அவனையே பார்த்துக்கிட்டிருந்ததுல, பின்னாடி நாற்காலி நகர்ந்த சத்தம் லேசாத்தான் காதுல விழுந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர், அவர் கழுத்துலேயும் அதே குழாய். அவர் சம்சாரம் எழுந்து என் தோளைத் தொட்டாங்க. நாலு நாளாத் தூங்காத கண்ணு அவங்களுக்கு.

"அக்கா, என்ன கொடுத்தீங்க?"

ஒண்ணும் இல்லம்மா, சும்மா சொன்னேன்னு சொன்னேன். அவங்க நம்பல. கைப்பையைத் திறந்து பேனாவைத் தேட ஆரம்பிச்சாங்க.